சின்னவளே என்று அழைக்கும் அம்மா: ‘வந்துபோகும் பாத்திரம்’ எப்படி வளர்கிறது?

லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளே நிற்பவர் ஒரு விண்கலத்தின் கேப்டன். ஆயிரம் பேர் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆனால் அவர் உடனே வெளியே வரவில்லை. தலையை மட்டும் நீட்டி நடைவழியை எட்டிப் பார்க்கிறார். யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் காலை எடுத்து வைக்கிறார். எதிரிக் கப்பல்களுக்கு அஞ்சாத அந்த மனிதர் இப்படிப் பதுங்கி நடப்பது, தன் கப்பலில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் அம்மாவிடம் அகப்படாமல் இருப்பதற்காக. பதுங்கியும் பயனில்லை, அகப்பட்டுக்கொள்கிறார்.

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் 1991ஆம் ஆண்டு வந்த ‘ஹாஃப் எ லைஃப்’ என்ற எபிசோடின் தொடக்கம் இது. அந்த அம்மாவின் பெயர் லவாக்சானா ட்ராய். ஸ்டார் ட்ரெக் ரசிகர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகம் சுளிப்பவர்கள் உண்டு, முகம் மலர்பவர்களும் உண்டு, நடுவில் நிற்பவர்கள் குறைவு. முன்பு முகம் சுளித்து இப்போது மலர்பவர்கள் என்று இன்னொரு கூட்டமும் இருக்கிறது. நான் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒரே பாத்திரம் இத்தனை விதமான கருத்தை எப்படிக் கிளப்புகிறது என்பதைப் புரிந்துகொள்ள, தொலைக்காட்சிக் கதைசொல்லலில் ‘வந்துபோகும் பாத்திரம்’ என்பது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு நீண்ட தொடரில் வருபவர்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். வாரம் தவறாமல் வருபவர்கள் நிலையான பாத்திரங்கள். ஒரே எபிசோடில் வந்து, தன் கதை முடிந்ததும் மறைந்துவிடுபவர்கள் விருந்தினர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் சிலர் இருப்பார்கள். அவர்கள்தான் வந்துபோகும் பாத்திரங்கள். லவாக்சானா இந்த மூன்றாம் வகை. 1987 முதல் 1994 வரை ஏழு சீசன்களாக ஓடிய அந்தத் தொடரில் மொத்தம் 178 எபிசோடுகள். அவற்றில் அவர் வருவது ஆறே ஆறில். சீசனுக்கு ஒன்று என்ற கணக்கு. ஆறாவது சீசனில் மட்டும் அவர் இல்லை. அந்த ஆண்டு, அப்போதுதான் தொடங்கியிருந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடருக்குப் போயிருந்தார். அங்கே மூன்று எபிசோடுகள். ஆக, ஒன்பது வருகைகள்தான் இந்த விவாதத்துக்கெல்லாம் காரணம்.

வாரம் தவறாமல் வருபவரை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வருபவரை, வந்த முதல் நிமிடத்திலேயே பார்வையாளர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இணையத்தில் முந்தைய எபிசோடை உடனே தேடிப் பார்க்க முடியாத காலம் அது. எனவே எழுதுபவர்கள் அப்படிப்பட்ட பாத்திரத்துக்குப் பெரிய பெரிய அடையாளங்களாகக் கட்டிவிடுவார்கள்: கண்ணைப் பறிக்கும் உடை, ஒவ்வொரு முறையும் சொல்லும் ஒரு வசனம், கூடவே வரும் ஒரு ஆள். லவாக்சானாவின் ஆர்ப்பாட்டத்துக்கு முதல் காரணம் இந்தத் தொழில் தேவைதான். அந்த அடையாளங்களையே மனிதராக நினைத்துவிடுவது எளிது. பல ரசிகர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

லவாக்சானாவின் அடையாளங்கள் என்னென்ன? அவர் பீட்டாசெட் என்ற கோளைச் சேர்ந்தவர். அந்த மக்கள் அடுத்தவர் மனத்தில் ஓடுவதைப் படிக்கக் கூடியவர்கள். மனத்தில் பட்டதை மறைக்க முடியாத ஊரில் வளர்ந்தவர் என்பதால், நினைத்ததை வாய்விட்டுச் சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவாகவே தோன்றாது. அடுத்தவர் நினைத்ததையும் சேர்த்தே சொல்லிவிடுவார். அவருடைய பட்டங்கள் நீளமானவை: ஐந்தாம் குலத்தின் மகள், ரிக்ஸின் புனிதக் கிண்ணத்தைக் காப்பவர், பீட்டாசெட்டின் புனித வளையங்களுக்கு வாரிசு. அந்தப் புனிதக் கிண்ணம் பூஞ்சை பிடித்த பழைய மண்பாத்திரம்தான் என்று மகளே ஒருமுறை போட்டு உடைப்பாள். அவருக்குப் பின்னால் ஹோம் என்ற பணியாளர் வருவார். ஏழடி உயரம், வாயைத் திறப்பதே அபூர்வம். பிரமாண்டமான கேசப் புனைவுகள், அதாவது விக்குகள், வேறு. வோர்ஃப் என்ற அதிகாரியின் பெயரை ஒவ்வொரு முறையும் ‘வூஃப்’ என்றே அழைப்பார்.

மகள் டியானா ட்ராய் அந்தக் கப்பலின் மனநல ஆலோசகர். அப்பா மனிதர், விண்படை அதிகாரி. டியானாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பாதி மனித ரத்தம் என்பதால் டியானாவால் அடுத்தவரின் உணர்ச்சிகளை உணர முடியும். எண்ணங்களைப் படிப்பது தன் அம்மாவைப் போன்ற பீட்டாசெட் மக்களிடம்தான் நன்றாகக் கைகூடும். ஊருக்கெல்லாம் மன அமைதி சொல்லித்தரும் பெண், அம்மா வந்து இறங்கியதும் பொறுமை இழந்து குரலை உயர்த்துகிறாள். இதில் எனக்கு எப்போதுமே ஒரு உண்மை தெரிந்திருக்கிறது. எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அம்மாவின் முன்னால் நாம் யாருமே முழுதாக வளர்ந்தவர்கள் இல்லை.

முதல் வருகை 1987இல், ‘ஹேவன்’ எபிசோடில். சிறுவயதிலேயே இரண்டு குடும்பங்கள் பேசி முடித்த சம்பந்தம் ஒன்றை நிறைவேற்ற வருகிறார். வந்து இறங்கியதும் தன் பெட்டியைக் கேப்டன் பிக்கார்டிடம் கொடுத்துத் தூக்க வைக்கிறார். அவர் அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நடக்கிறார். சம்பந்திகளோடு விருந்து நடக்கும்போது, உணவுக்கு நன்றி சொல்லும் பீட்டாசெட் வழக்கம் என்று, ஹோம் சும்மா சும்மா மணியை அடித்துக்கொண்டே இருக்கிறார். பேச்சு நடக்க நடக்க அந்த மணியோசை குறுக்கே விழுந்துகொண்டே இருக்கும். பார்ப்பவரின் பொறுமையைச் சோதிக்கவே வைத்த காட்சி அது. முதல்முறை பார்த்தபோது எனக்கும் பொறுமை போனது.

இரண்டாவது வருகையான ‘மேன்ஹன்ட்’ (1989) இன்னும் மோசம். பீட்டாசெட் பெண்களுக்கு நடுவயதில் காம இச்சை பல மடங்கு பெருகும் ஒரு பருவம் வருமாம். அதைச் சாக்காக வைத்து அவர் கப்பலில் உள்ள ஆண்களைத் துரத்துகிறார். பிக்கார்ட் ஓடி ஒளிகிறார். நடுவயதுப் பெண்ணின் ஆசை என்பதே சிரிப்புக்குரியது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்ட கதை. இதைப் பிடிக்காதவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அதன் முடிவில் ஒன்று நடக்கிறது. பயணம் முழுக்க மயக்கத்தில் கிடந்துவிட்டுக் கப்பலை விட்டு இறங்கப்போகும் இரண்டு அயல்கோள் பிரதிநிதிகள் உண்மையில் கொலைகாரர்கள், அங்கிக்குள் வெடிபொருளோடு மாநாட்டுக்குப் போகிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். அத்தனை கருவிகளும் காவலர்களும் உள்ள கப்பலில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. யாருமே பொருட்படுத்தாத அந்த அம்மாள் கண்டுபிடித்தார்.

அவரைப் பிடிக்காதவர்கள் சொல்லும் காரணங்களை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. கேட்காமல் அடுத்தவர் மனத்தைப் படித்து அதைச் சபையில் போட்டு உடைப்பது அத்துமீறல்தான். விருப்பமில்லை என்று ஒதுங்கும் ஆணைத் தொடர்ந்து துரத்துவதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு ஆண் பாத்திரம் இதைச் செய்தால் சிரிப்போமா என்று இன்றைய ரசிகர்கள் கேட்பது முறையான கேள்வி. இன்னொரு குற்றச்சாட்டு, நடிகையைப் பற்றியது. லவாக்சானாவாக நடித்தவர் மஜெல் பாரெட். ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் மனைவி. மனைவிக்காக உருவாக்கிய வேடம் என்ற பேச்சு அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை.

இந்தக் கடைசிக் குற்றச்சாட்டில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ராடன்பெரியை அவர் மணந்தது 1969இல். அதற்கு முன்பே, 1964இல் படமாக்கத் தொடங்கிய முதல் முன்னோட்ட எபிசோடில், கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரியாக, உணர்ச்சியைக் காட்டாத அறிவாளிப் பெண்ணாக நடித்தவர் அவர். அந்தப் பாத்திரத்தைத் தொலைக்காட்சி நிறுவனம் ஏற்கவில்லை. பிறகு 1966 முதல் 1969 வரை ஓடிய முதல் தொடரில் கிறிஸ்டீன் சேப்பல் என்ற செவிலியாக வந்தார். அப்புறம் பல ஆண்டுகள் கப்பலின் கணினிக்குக் குரல் கொடுத்தார். அதாவது லவாக்சானா கணினியிடம் ஏதாவது கேட்டால், கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே ஆள். அந்தக் கணினிக் குரலைக் கவனித்துக் கேளுங்கள்: ஏற்ற இறக்கம் இல்லாத, எந்த உணர்ச்சியும் காட்டாத குரல். லவாக்சானாவின் ஆரவாரத்தோடு அதை வைத்துப் பார்த்தால் அந்த நடிகையின் தேர்ச்சி விளங்கிவிடும். 2008 டிசம்பரில் காலமாவதற்குக் கொஞ்சம் முன்புகூட, அடுத்த ஆண்டு வரவிருந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படத்துக்குக் கணினிக் குரலைப் பதிவு செய்து கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இனி, ரசிகர்களின் மனத்தைத் திருப்பிய எபிசோடுகளுக்கு வருவோம். வந்துபோகும் பாத்திரத்தின் தனிப் பலம் ஒன்று உண்டு. நிலையான பாத்திரங்களை அன்றைய தொலைக்காட்சி அதிகம் மாற விடாது. எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் கதை புரிய வேண்டும் என்பதால், எபிசோடு முடிந்ததும் எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். வந்துபோகிறவருக்கு அந்தக் கட்டு கிடையாது. இரண்டு வருகைகளுக்கு நடுவே ஒரு வருடம் கடந்திருக்கிறது. அந்த வருடத்தில் அவருக்கும் வயதாகியிருக்கிறது. நாம் பார்க்காத அந்தக் காலம் அவர் முகத்தில் தெரியும்.

‘ஹாஃப் எ லைஃப்’ கதையில் டிமிசின் என்ற விஞ்ஞானி கப்பலுக்கு வருகிறார். தன் கோளின் அணைந்துகொண்டிருக்கும் சூரியனுக்கு உயிர்கொடுக்க வாழ்நாள் முழுக்க உழைத்தவர். லவாக்சானாவுக்கு அவரைப் பிடித்துப்போகிறது, அவருக்கும் இவரை. பிறகுதான் தெரியவருகிறது: அந்தக் கோளில் அறுபது வயது ஆனதும் ஒவ்வொருவரும் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ள வேண்டும். முதியவர்கள் பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். டிமிசினுக்கு இன்னும் சில நாட்களில் அறுபது.

அந்த வழக்கத்தை எதிர்த்துப் பேச லவாக்சானா எடுக்கும் உதாரணம் என்ன தெரியுமா? கேசப் புனைவு. ஒரு காலத்தில் தங்கள் ஊர்ப் பெண்கள் பிரமாண்டமான கேசப் புனைவுகளுக்குள் சின்னக் கூண்டு வைத்து, அதில் உயிருள்ள பிராணியை அடைத்துத் தலையில் சுமந்தார்கள் என்கிறார். எல்லாருக்கும் அது வேதனை; ஆனாலும் வழக்கம் என்பதால் சுமந்தார்கள். ஒருநாள் ஒருத்தி முடியாது என்றாள். அத்தோடு அது ஒழிந்தது. நான்கு ஆண்டுகளாக நாம் சிரித்த அதே கேசப் புனைவைக் கையில் எடுத்துக்கொண்டு, மரணத்தை எதிர்த்து வாதாடுகிறார். கேட்கவே சிறுபிள்ளைத்தனமான உதாரணம். அதை அவர் சொல்லும்போது சிரிக்க முடியவில்லை. முதுமை என்றால் ஒதுங்கிப் போவது என்று சொல்லும் உலகத்திடம், அலங்காரம் செய்துகொண்டு சத்தமாகப் பேசி நான் இன்னும் இருக்கிறேன் என்று இந்த அம்மாள் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

அவர் வாதத்தில் வெல்லவில்லை. டிமிசின் தன் மக்களின் வழக்கத்துக்குத் திரும்பிப் போக முடிவெடுக்கிறார். அன்புக்குரியவர்கள் உடன் இருப்பது அங்கே மரபு என்றால் நானும் வருகிறேன் என்று சொல்லி, அவரோடு சேர்ந்து கீழே இறங்குகிறார் லவாக்சானா. ஒப்புக்கொள்ளாத ஒரு மரணத்துக்குத் துணையாகப் போகிறார். நகைச்சுவைக்கென்று படைக்கப்பட்ட ஒரு பாத்திரத்தை இந்த இடத்துக்குக் கொண்டுவர முடிந்ததற்கு அதற்கு முந்தைய மூன்று வருகைகளும் தேவைப்பட்டன. முன்பின் தெரியாத ஒரு விருந்தினர் இதைச் செய்திருந்தால் நமக்கு இத்தனை வலித்திருக்காது.

அதே 1991ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி ராடன்பெரி காலமானார். அடுத்த வருகையான ‘காஸ்ட் ஆஃப் லிவிங்’ 1992 ஏப்ரலில் ஒளிபரப்பானது. அதில் முன்பின் பார்த்திராத ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள லவாக்சானா முடிவெடுத்திருக்கிறார். ஏன் என்று மகள் துருவிக் கேட்கும்போது, தனிமைதான் காரணம் என்பது வெளிப்படுகிறது. கணவரை இழந்து சில மாதங்களே ஆன நடிகை பேசும் அந்த வரிகளை, அந்தச் செய்தி தெரிந்த ரசிகர்களால் வெறும் வசனமாகக் கேட்க முடிவதில்லை. அந்த எபிசோடு உடை வடிவமைப்புக்காக எம்மி விருது பெற்றது. ஆனால் அதன் உச்சமே மணப்பெண் ஆடையின்றி மண்டபத்துக்குள் நுழைவதுதான். பீட்டாசெட் முறைப்படி திருமணத்தில் யாரும் ஆடை அணிவதில்லை. சம்பிரதாயமே கதி என்றிருந்த மாப்பிள்ளை அதிர்ந்துபோய்க் கிளம்பிவிடுகிறார். தன்னைத் தணித்துக்கொண்டு வாழ முடியாது என்று லவாக்சானா அறிவிக்கும் முறை அது.

என் மனத்துக்கு நெருக்கமானது 1993இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வந்த ‘தி ஃபர்சேக்கன்’. ஓடோ என்ற காவல் அதிகாரி உருமாறக் கூடியவர். பதினாறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் திரவ நிலைக்குத் திரும்பியாக வேண்டும். அந்தக் கோலத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று கூச்சப்படுபவர். ஒட்டுதல் இல்லாத, பேச்சும் குறைவான மனிதர். அவரும் லவாக்சானாவும் பழுதாகி நின்ற லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் எல்லாம் நாம் எதிர்பார்த்ததுபோலவே நடக்கிறது: இவர் ஓயாமல் பேசுகிறார், அவர் சுவரோடு சுவராக ஒதுங்குகிறார். மணி நேரங்கள் கரைகின்றன. ஓடோவின் முகம் வியர்த்து உருகத் தொடங்குகிறது. அவமானத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அப்போது லவாக்சானா கையை உயர்த்தித் தன் கேசப் புனைவைக் கழற்றுகிறார். உள்ளே இருப்பது அடக்கமான, சாதாரணக் கூந்தல். தன்னை இப்படி இதுவரை யாரும் பார்த்ததில்லை என்கிறார். நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார் ஓடோ. சாதாரணமாக இருக்கிறது, சாதாரணமாக இருப்பதில் எனக்கு என்றுமே விருப்பம் இருந்ததில்லை என்று பதில் சொல்கிறார். பிறகு தன் உடையை விரித்துப் பிடிக்கிறார். ஓடோ திரவமாகி அந்த மடியில் இறங்குகிறார்.

ஆறு ஆண்டுகளாக அடையாளத்துக்கென்று மாட்டிவிட்ட ஒரு பொருள், கழற்றப்படும் அந்த ஒரு நொடிக்காகவே காத்திருந்ததுபோல் இருக்கும். வந்துபோகும் பாத்திரத்தை எழுதுவதில் உள்ள நுட்பம் இதுதான். ஒவ்வொரு முறையும் அதே அடையாளத்தைக் காட்டிப் பழக்கினால், ஒருநாள் அதை எடுத்துவிட்டாலே போதும், பக்கம் பக்கமாக வசனம் தேவையில்லை.

புதிதாகப் பார்க்க வருபவர்கள் ‘ஹேவன்’ எபிசோடைத் தவிர்க்காதீர்கள் என்பது என் ஆலோசனை. எரிச்சல் வரும், வரட்டும். அந்த எரிச்சல் இல்லாமல் பின்னால் வருவது விளங்காது. ‘மேன்ஹன்ட்’ எபிசோடை விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. ‘டார்க் பேஜ்’ எபிசோடை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பார்க்காமல் அதைப் பார்க்க வேண்டாம்.

1993இல் வந்த அந்த எபிசோடில் லவாக்சானா மயங்கி விழுந்து நினைவு திரும்பாமல் கிடக்கிறார். அவருடைய மனத்துக்குள் நுழைந்து காரணம் தேட வேண்டிய நிலை மகளுக்கு. அம்மாவின் நாட்குறிப்பில் ஏழு ஆண்டுகள் அழிக்கப்பட்டிருப்பது தெரிகிறது. தேடித் தேடிப் போனால் கடைசியில் ஒரு ஏரிக்கரை. டியானா கைக்குழந்தையாக இருந்தபோது குடும்பத்தோடு அங்கே போயிருந்தார்கள். நாயின் பின்னால் ஓடிய மூத்த பெண் குழந்தை நீரில் விழுந்து இறந்துபோனது. பெயர் கெஸ்ட்ரா. தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதே டியானாவுக்கு அன்றுவரை தெரியாது. அம்மா அந்த நினைவைத் தன்னிடமிருந்தே மறைத்துப் பூட்டிவைத்திருந்தார்.

மகளை லவாக்சானா எப்போதும் ‘லிட்டில் ஒன்’ என்றுதான் கூப்பிடுவார். முதல் எபிசோடிலிருந்தே அப்படித்தான். வளர்ந்த பெண்ணை, அதுவும் உடன் வேலை செய்பவர்கள் முன்னால், இப்படிக் கூப்பிடுகிறாரே என்று டியானா கூசுவாள், நமக்கும் கூசும். ஆங்கிலத்தில் அது ஒரு செல்லப்பெயர், அவ்வளவுதான். தமிழில் அதைச் ‘சின்னவளே’ என்று சொல்லிப் பாருங்கள். பெரியவள் என்று ஒருத்தி இருக்கும் வீட்டில்தான் நாம் அப்படிச் சொல்வோம். எழுதியவர்கள் இதை எண்ணித்தான் வைத்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. ‘டார்க் பேஜ்’ பார்த்த பிறகு பழைய எபிசோடுகளுக்குத் திரும்பிப் போனேன். பெட்டியைப் பிக்கார்ட் தலையில் கட்டிவிட்டு அவர் அந்தப் பெயரைச் சொல்லி மகளை அழைக்கும் குரல் காதில் விழுந்தபோது, அந்தக் காட்சியை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

2020இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்’ தொடரில் டியானாவை மீண்டும் பார்க்கிறோம். கணவர், காட்டோரத்தில் ஒரு வீடு, துறுதுறுவென்று ஓடித் திரியும் ஒரு மகள். லவாக்சானா அதில் வரவில்லை; மஜெல் பாரெட் மறைந்து பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அந்தச் சிறுமிக்கு டியானா வைத்திருக்கும் பெயர் கெஸ்ட்ரா.